என் நாடிக்கு ஒரு செக் மீட்டர்

மூன்று முறை அவசரப் பிரிவுக்குப் போனேன். ஏழு ஈ.சி.ஜி., இரண்டு எக்கோ, ஒரு டிரெட்மில், இருபத்துநான்கு மணி நேரம் மார்பில் ஒட்டிக்கொண்டு திரிந்த ஹோல்டர் என்ற பெட்டி ஒன்று. எல்லாவற்றின் முடிவும் ஒன்றேதான்: இதயத்தில் கோளாறு இல்லை. ஆனாலும் ஐந்து மாதம் நான் நோயாளியாகவே இருந்தேன். அது நடிப்பு இல்லை. அந்த ஐந்து மாதத்தில் என்னைவிட அதிகம் கெட்டது என் மனைவி கிரேஸின் இடது முழங்கால். அதையும் சேர்த்து எழுதுகிறேன். என்னைப் போலவே மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் யாராவது ஒருவருக்கு இது பயன்பட்டால் போதும்.

எனக்கு வயது எழுபத்திரண்டு. மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்தேன். வீடு வீடாகப் போய் மீட்டரில் ரீடிங் எடுத்து, மீட்டர் பெட்டி அருகே தொங்கும் வெள்ளை அட்டையில் எழுதுவது என் வேலை. வீடு பொழிச்சலூரில். தலைக்கு மேல் விமானங்கள் இறங்குவதை எண்ணிக்கொண்டே காப்பி குடிப்பேன். எண்ணுவது எனக்குக் கெட்ட பழக்கமாக ஒருநாளும் தோன்றியதில்லை.

முதல் தாக்கு ஒரு புதன்கிழமை காலையில் வந்தது. ஓய்வூதியர்கள் வருடத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டிய வாழ்நாள் சான்றைத் தாம்பரத்தில் கொடுத்துவிட்டு, நான் உயிரோடு இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். ரயில் நிலையத்து நடைமேம்பாலத்தில் முப்பத்தெட்டாவது படியில் மார்பு திடீரென்று அடித்துக்கொண்டது. மூச்சு முட்டியது. விரல் நுனிகள் மரத்துப்போயின. உடனே தணிகாசலம் நினைவுக்கு வந்தான். என்னோடு ரீடிங் எடுத்தவன். ஐம்பத்து நான்கு வயதில், ஓர் அடுக்கு வீட்டின் படிக்கட்டில், கையில் ரீடிங் புத்தகத்தோடு உட்கார்ந்தபடியே போய்விட்டவன். அவனுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது என்று நினைத்தேன். நினைத்த மறுநொடி மார்பு இன்னும் வேகமாக அடித்தது. அந்த வரிசை அப்போது எனக்குத் தெரியவில்லை.

யாரோ இருவர் என்னைக் கீழே இறக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

“சார், கண்ண மூடாத சார். எதுனா பேசிகினே வா.”

“பேச முடியலப்பா.”

“அப்ப எதுனா எண்ணிகினே வா சார். தூங்கிடாத, அவ்ளோதான்.”

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எண்ணுவதற்குக் கைக்கு அடக்கமாக இருந்தது என் நாடிதான். நிமிடத்துக்கு நூற்று முப்பத்திரண்டு. அன்று தொடங்கியது.

மருத்துவமனையில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை இரத்தம் எடுத்து ட்ரோபோனின் பார்த்தார்கள். இதயத் தசை சேதமானால் அதிலிருந்து இரத்தத்தில் கசிகிற ஒரு புரதம் அது. எனக்குக் கசியவில்லை. எக்கோ என்பது ஒலி அலைகளை வைத்து இதயம் சுருங்கி விரிவதைத் திரையில் பார்ப்பது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த பெண், “நல்லா இருக்கு அங்கிள், என் வயசு ஹார்ட் மாதிரி இருக்கு” என்றாள். நான் நம்பவில்லை. மீட்டர் நன்றாக இருக்கிறது என்று சொன்ன எத்தனை வீடுகளில் நான் கோளாறு கண்டுபிடித்திருக்கிறேன்.

அந்த மூன்று நாளும் கிரேஸ் காலையும் மாலையும் வந்தாள். பம்மலுக்கு ஆட்டோ, அங்கிருந்து பேருந்து. கையில் மூன்று அடுக்கு டிபன் கேரியர். அவள் பள்ளிக்கூடத்தில் நின்றுகொண்டே முப்பது வருடம் பாடம் நடத்தியவள். முழங்கால் தேய்ந்து எலும்போடு எலும்பு உரசுகிறது என்று எக்ஸ்ரே பார்த்த மருத்துவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். மூட்டு மாற்று அறுவைக்கு அடுத்த மாதம் தேதி குறித்திருந்தோம். என் கட்டிலுக்குப் பக்கத்தில் முதுகு சாய்க்க வழியில்லாத ஸ்டூல் ஒன்றுதான் இருந்தது. அதில் காலை நீட்டி உட்கார்ந்து எனக்கு ரசம் சாதம் பிசைந்து கொடுத்தாள்.

“என் தேதிய தள்ளி வைக்கச் சொல்லிட்டேன். நீங்க முதல்ல சரியாகுங்க” என்றாள்.

நான் சரி என்றேன். வேறொன்றும் தோன்றவில்லை என்பதை இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

இரண்டாவது தேதிக்கு இரண்டு நாள் முன்பு இரண்டாவது தாக்கு வந்தது. ஒரு நாள் இரவு அட்மிஷன், மறுநாள் வீடு. பிறகு மூன்றாவது. கோயம்புத்தூரிலிருந்து மகள் பேசினாள்.

“அப்பா, எனக்கு நாலு நாள்தான் லீவு கிடைக்கும். அதுக்கப்புறம் அம்மா கூட ஆஸ்பத்திரில நீங்கதான் இருக்கணும். இருப்பீங்களா?”

“எனக்கு ஏதாவது ஆயிட்டா?”

அறுவைக்கு மூன்றாவது தேதி குறிக்கவில்லை.

வீட்டில் என் நிலைமை இப்படி இருந்தது. விரலில் மாட்டினால் நாடியும் ஆக்ஸிஜன் அளவும் காட்டும் ஆக்ஸிமீட்டர் ஒன்று வாங்கினேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளைக்கு ஒன்பது ரீடிங். மீட்டர் பெட்டியில் தொங்கிய பழைய வெள்ளை அட்டையின் பின்பக்கத்தில் கோடு போட்டு எழுதினேன். அது நிறைந்ததும் அட்டை வெட்டி அதே அளவில் புதிதாகச் செய்துகொண்டேன். சட்டைப் பையில் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை, கையில் தண்ணீர் பாட்டில், வாசலுக்குப் போனாலும் இரண்டும் கூடவே. தெருமுனையைத் தாண்டுவதை விட்டேன். மாதாகோயிலுக்குப் போவதையும் விட்டேன். அங்கே நடுவில் எழுந்து வெளியே வருவது கஷ்டம்.

கோவளத்திலிருந்து வாரம் இரண்டு நாள் மீன் கொண்டுவருகிற கஸ்தூரி, கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“இன்னா சார், எப்ப வந்தாலும் உன் கைய நீயே புடிச்சிகினு கீற? அக்கா கைய எப்ப புடிப்ப?”

“அத நீயே கேளு கஸ்தூரி” என்று கிரேஸ் உள்ளிருந்து சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். எண்பத்தொன்பது.

மூன்றாவது தாக்குக்குப் பிறகு ரிப்போர்ட் காட்டப் போனபோது இதய மருத்துவர் ரிப்போர்ட்டுகளை மூடி வைத்தார். “சார், இதயத்துல பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்தாச்சு. உங்களுக்கு வர்றது பானிக் அட்டாக். கீழ் தளத்துல உளவியல் ஆலோசகர் இருக்காங்க, பாருங்க” என்றார்.

“எனக்குப் பைத்தியமா டாக்டர்?”

“பைத்தியம்னு நான் சொல்லலையே சார்.”

போக மாட்டேன் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் காலை நான் அட்டையில் எழுதிக்கொண்டிருந்தபோது கிரேஸ் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

“மொட்டை மாடிக்கு எத்தனை படி?”

“பதினேழு.”

“நான் அதுல ஏறி எத்தனை நாள் ஆச்சு?”

எனக்குத் தெரியவில்லை.

“அஞ்சு வாரம். துணியெல்லாம் பக்கத்து வீட்டுப் பொண்ணு காயப்போடுது. இதெல்லாம் உங்க அட்டைல எந்தப் பக்கம் எழுதியிருக்கீங்க?”

அடுத்த திங்கட்கிழமை கீழ்தளத்துக்குப் போனேன்.

இயன்முறை சிகிச்சை அறைக்குப் பக்கத்தில் சின்ன அறை. நான்கு நாற்காலி, ஒரு மேசை, ஒரு கடிகாரம். ஆலோசகருக்கு நாற்பது வயது இருக்கும். அறிதல்சார் சிகிச்சை என்று ஒரு முறை இருக்கிறது, அதில்தான் என்னோடு வேலை செய்யப்போவதாகச் சொன்னார். அவர் சொன்னதை நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன். ஒரு சம்பவம் நேராகப் பயத்தை உண்டாக்குவதில்லை. சம்பவத்துக்கும் பயத்துக்கும் நடுவே நாம் அதற்கு ஓர் அர்த்தம் சொல்லிக்கொள்கிறோம். படி ஏறினால் இதயம் வேகமாக அடிக்கும். ‘படி ஏறினேன்’ என்று ஒருவர் சொல்லிக்கொள்வார். ‘சாகப்போகிறேன்’ என்று இன்னொருவர். இரண்டாமவரின் உடம்பு அதை நம்பி, தப்பித்து ஓடத் தயாராவது போல இன்னும் வேகமாக அடிக்கும். அந்த வேகமே, தான் நினைத்தது சரி என்பதற்கு அவருக்குச் சாட்சியாகிவிடும். சிகிச்சையில் பயத்தை அடக்கச் சொல்வதில்லை. அந்த அர்த்தம் உண்மைதானா என்று சோதிக்கச் சொல்கிறார்கள்.

“பாலத்துல அந்த நேரம் உங்க மனசுல என்ன ஓடுச்சு சார்?”

“தணிகாசலம்.”

அவனைப் பற்றி முழுதும் கேட்டார். பிறகு, “உங்க ஆக்ஸிமீட்டரைக் குடுங்க. விரல்ல மாட்டி, எண் என் பக்கம் தெரியற மாதிரி வச்சுக்கறேன். சம்மதமா?” என்றார். சம்மதித்தேன். “மீட்டர்ல திருட்டுத்தனம் பண்ணினா எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

அதை யாரும் என்னிடம் கேட்டுப் பல வருடமாகிறது. சீல் கம்பியின் முறுக்கு, திருகில் புதுக் கீறல், ஏ.சி. ஓடுகிற வீட்டில் இரண்டு மாதத்துக்கு நாற்பது யூனிட். பத்து நிமிடம் பேசியிருப்பேன். அவர் ஒரு தாளில் ஏதோ எழுதிக்கொண்டே இருந்தார். பிறகு எண்ணை என் பக்கம் திருப்பினார். எழுபத்து நான்கு. நான் பார்க்கப் பார்க்க எண்பது, எண்பத்தெட்டு, தொண்ணூற்றேழு.

“இவ்ளோ நேரம் எழுபத்து மூணுக்கும் எழுபத்தாறுக்கும் நடுவுலதான் இருந்துச்சு சார்” என்று தாளைக் காட்டினார்.

என் தவறு எனக்கு அங்கேதான் புரிய ஆரம்பித்தது. முப்பத்து மூன்று வருடத்தில் நான் எத்தனையோ ஆயிரம் மீட்டர் பார்த்திருக்கிறேன். நான் பார்த்ததால் எந்த மீட்டரும் ஒரு யூனிட் கூட அதிகமாக ஓடியதில்லை. அந்த நம்பிக்கையோடு என் மார்பையும் பார்த்திருக்கிறேன். இது பார்த்தால் ஓடுகிற மீட்டர்.

ஆனால் ஒரே ஒரு ரீடிங்கை வைத்து முடிவு எடுக்கக் கூடாது. அதைச் சொன்னேன்.

“அப்ப எப்படிச் சோதிக்கலாம்னு நீங்களே சொல்லுங்க” என்றார்.

மீட்டர் வேகமாக ஓடுகிறது என்று வீட்டுக்காரர் புகார் கொடுத்தால், அதோடு சேர்த்து இன்னொரு மீட்டரைச் சில நாள் பொருத்துவோம். அதற்கு செக் மீட்டர் என்று பெயர். இரண்டையும் ஒப்பிட்டால் கோளாறு எதில் என்று தெரிந்துவிடும். “என் மனைவியை செக் மீட்டராகப் போட்டால் என்ன?” என்று கேட்டேன். ஆலோசகர் முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தார்.

ஏழு நாள். என் ரீடிங்கை வழக்கம்போல நான் எடுப்பேன், நாளைக்கு ஒன்பது. கிரேஸ் நாளைக்கு மூன்று, நான் வேறு ஏதாவது செய்துகொண்டிருக்கும்போது திடீரென்று வந்து விரலில் மாட்டி, எண்ணை உள்ளங்கையால் மறைத்துப் பார்த்துத் தனி அட்டையில் எழுதுவாள். எனக்குச் சொல்லக் கூடாது. நான் கேட்கவும் கூடாது. இதுதான் ஒப்பந்தம்.

“செக் மீட்டருக்கு வாடகை உண்டா?” என்று கேட்டாள் கிரேஸ்.

“உண்டு. வீட்டுக்காரர் தரணும்.”

“அப்ப தினமும் துணி நீங்க காயப்போடுங்க.”

ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை காலை, நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கீழே பாத்திரம் விழுகிற சத்தம். அதன் பின்னால் அவள் குரல். ஓடி இறங்கினேன். சமையலறைத் தரையில் கால் மடங்கிக் கிடந்தாள். முழங்கால் பூட்டிக்கொண்டு விழுந்திருக்கிறாள். அவள் அறுபத்தாறு கிலோ. கைகளுக்கு அடியில் பிடித்துத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தேன். தலையில் அடிபட்டதா என்று பார்த்தேன். அவள் வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டே இடுப்பில் செருகியிருந்த ஆக்ஸிமீட்டரை எடுத்தாள்.

“விரலைக் காட்டுங்க.”

“அறிவிருக்கா உனக்கு? இப்ப இதுதான் முக்கியமா?” என்று கத்தினேன்.

“காட்டுங்கன்னா.”

மாட்டி, மறைத்துப் பார்த்து, எடுத்துவிட்டாள். எனக்கு எரிச்சலாக வந்தது. ஐஸ் கட்டி எடுக்கப் போனேன்.

திங்கட்கிழமை ஆலோசகர் முன்னால் இரண்டு அட்டைகளையும் வைத்தோம். என் அறுபத்து மூன்று ரீடிங்கின் சராசரி தொண்ணூற்றிரண்டு. கிரேஸின் இருபத்தொன்றின் சராசரி எழுபத்தாறு. அவள் எண்ணோடு குறிப்பும் எழுதியிருந்தாள். ‘பேப்பர் படிக்கிறார், 75.’ ‘பேரனோடு போனில் சிரிக்கிறார், 79.’ ‘விமானம் எண்ணுகிறார், 72.’ கடைசியில், வரிசையில் சேராமல், இருபத்திரண்டாவதாக ஒன்று: ‘நான் விழுந்தேன். மாடியிலிருந்து ஓடி வந்து தூக்கினார். 121. திட்டினார். ஒன்றும் ஆகவில்லை.’

அந்த எண்ணை இரண்டு முறை படித்தேன். நூற்று இருபத்தொன்று. ஆட்டோவில் நான் செத்துக்கொண்டிருப்பதாக நினைத்த எண்ணுக்குப் பதினொன்றுதான் குறைவு. அதோடு பதினேழு படி ஓடி இறங்கி, அறுபத்தாறு கிலோவைத் தூக்கியிருக்கிறேன். தணிகாசலம் நினைவுக்கே வரவில்லை.

“அப்ப மனசுல என்ன ஓடுச்சு சார்?” என்று ஆலோசகர் கேட்டார்.

“இவளுக்கு அடிபட்டுடுச்சேன்னு.”

“உங்க இதயம் அதே வேகம்தான். நீங்க சொல்லிக்கிட்ட அர்த்தம் வேற.”

கிரேஸ் கைப்பையைத் திறந்து மூட்டு மருத்துவரின் சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதில் மூன்றாவது தேதி எழுதியிருந்தது. எனக்குச் சொல்லாமலே போய் வாங்கியிருக்கிறாள். ஐந்து வாரம் தள்ளி.

அந்த ஐந்து வாரத்தில் நடந்தது பெரும்பாலும் சலிப்பான வேலை. அட்டையை நாளைக்கு ஒன்பதிலிருந்து ஐந்து, மூன்று, ஒன்று என்று குறைத்தேன். மாத்திரையும் பாட்டிலும் ஆக்ஸிமீட்டரும் பாதுகாப்புக்காக நான் சுமக்கிறவை; அவை கூடவே இருக்கிறவரை, அவை இல்லாமலும் பிழைப்பேன் என்று நான் தெரிந்துகொள்ள வாய்ப்பே இல்லை என்றார் ஆலோசகர். அந்த மாத்திரை எந்த மருத்துவரும் எனக்கு எழுதிக் கொடுத்ததில்லை. ஒரு பழைய நண்பன் கொடுத்தது. இதயத்தை முழுக்கப் பரிசோதித்துக்கொள்ளாத யாரும் இதைப் படித்துவிட்டுத் தன் மாத்திரையைத் தூக்கிப் போடக் கூடாது. எனக்கு அது முடிந்திருந்தது, அதனால் செய்தேன். நான்காவது வாரம் வெறுங்கையோடு தாம்பரம் போய் அதே மேம்பாலத்தில் ஏறினேன். முப்பத்தெட்டாவது படியில் மார்பு அடித்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லாரும் என்னை இடித்துக்கொண்டு போனார்கள். ‘படி ஏறினேன்’ என்று சொல்லிக்கொண்டேன். முழுதாக நம்பவில்லை, பாதி நம்பினேன். பாதி போதுமானதாக இருந்தது. மீதிப் படிகளையும் ஏறினேன்.

அறுவை அன்று காலை ஏழரை மணி. மகள் மருந்துச் சீட்டோடு கீழே வரிசையில் நின்றாள். ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த கிரேஸிடம் நர்ஸ் நகைகளைக் கழற்றச் சொன்னாள். ஒவ்வொன்றாக என் கைக்கு வந்தன. கைக்குட்டையில் வைத்து முடிந்துகொண்டேன்.

“பயமா இருக்கா?” என்று கிரேஸ் கேட்டாள். அதை நான்தான் அவளிடம் கேட்டிருக்க வேண்டும்.

“இருக்கு.”

“எனக்கும்தான். இங்கேயே இருங்க.”

கதவு மூடியது. காத்திருக்கும் இடத்தில் பதினான்கு நாற்காலிகள். இருபது நிமிடத்தில் வந்துவிட்டது. எனக்குப் பழக்கமான அதே அடி, அதே மூச்சு முட்டல், மரத்த விரல்கள். அவசரப் பிரிவு அதே கட்டடத்தில் அறுபது அடி தூரத்தில் இருந்தது. எழுந்து போனால் என்னைப் படுக்க வைத்து ஈ.சி.ஜி. எடுப்பார்கள், எட்டாவது. உள்ளே இருப்பவளை ‘இங்கேயே இருங்க’ என்று சொல்ல வைத்துவிட்டு நான் அங்கே படுத்திருப்பேன். வலது கை விரல்கள் தாமாகவே இடது மணிக்கட்டுக்குப் போயின. எடுத்து, கைக்குட்டை முடிச்சைப் பிடித்துக்கொண்டேன். என் பெண்டாட்டிக்கு அறுவை நடக்கிறது, அதனால் மார்பு அடிக்கிறது. அதுதான் அர்த்தம். நாற்பது நிமிடம் அடித்தது என்று நினைக்கிறேன். கடிகாரம் எனக்குப் பின்னால் இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

மதியம் வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவள் தலைமாட்டில் ஒரு மானிட்டர், அவளுடைய நாடியைப் பச்சை எழுத்தில் காட்டிக்கொண்டிருந்தது. நாற்காலியை அதற்கு முதுகு காட்டுகிற மாதிரி திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். கண் விழித்ததும் நாக்குக் குழற அவள் கேட்ட முதல் கேள்வி:

“எவ்ளோ போச்சு?”

“என்னது?”

“உங்க பல்ஸ்.”

“எண்ணல.”

“பொய் சொல்லாதீங்க. நீங்களாவது எண்ணாம இருக்கறதாவது.”

“எண்ணினேன். வளையல் நாலு, தோடு ரெண்டு, செயின் ஒண்ணு, வாட்ச் ஒண்ணு. எட்டு உருப்படி. அதத்தான் எண்ணிக்கிட்டிருந்தேன்.”

“ஒன்பது.”

கைக்குட்டையை அவிழ்த்து மறுபடி எண்ணினேன். எட்டுதான். கல்யாண மோதிரம் இல்லை. ஸ்ட்ரெச்சருக்கு அடியில் விழுந்திருக்குமோ, கூட்டிப் பெருக்கிவிட்டிருப்பார்களோ என்று எழுந்தேன். மார்பு மறுபடியும் அடிக்க ஆரம்பித்தது.

கிரேஸ் போர்வைக்குள்ளிருந்து இடது கையை வெளியே எடுத்தாள். மோதிரம் விரலில்தான் இருந்தது. மேலே வெள்ளை பிளாஸ்திரி சுற்றியிருந்தது.

“கழலவே மாட்டேன்னுடுச்சு. அப்படியே ஒட்டி விட்டுட்டாங்க” என்றாள். “உட்காருங்க. கையப் பிடிங்க.”

பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் விரல்கள் இருந்த இடத்தில் அவள் நாடி தட்டுப்பட்டது. அவள் தூங்கும்வரை அப்படியே வைத்திருந்தேன். அதை நான் எண்ணவில்லை.